அரங்கம் யாருக்கு? – சேப்பாக்கம் முதல் சேர்வராயன் மலை வரை



மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், "வரலாறாக இருக்கட்டும், ஆனால் ராஜா ராணி கதை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. ராஜா ராணி இல்லாத, ஆனால் நிலம், பணம், பூட்டு, சாவி எல்லாம் உள்ள ஒரு வரலாற்றை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். விளையாட்டு அரங்கங்களின் வரலாறுதான் அது. எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, யார் பணத்தில் கட்டுவது, கட்டிய பிறகு யார் உள்ளே போவது என்ற சண்டை நம் நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். 234 சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டு அரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாயில் என்று தமிழக அரசு 2023-ல் ஒரு திட்டத்தை அறிவித்தது. மொத்தமாகப் பெருக்கிப் பாருங்கள், 702 கோடி வரும். அந்தப் பட்டியலில் ஏற்காடும் ஒரு தொகுதி. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே தொகுதிகள். ஒன்று சேந்தமங்கலம், மற்றது நம் ஏற்காடு. ஆனால் ஏற்காடு தொகுதி என்றால் மலை மட்டும் அல்ல. அடிவாரத்தில் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கமெல்லாம் அதில்தான் சேர்த்தி. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். தொகுதிக்கு ஒன்று என்றால் அது வளைவுகளுக்கு மேலேயா, கீழேயா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போவோம்.

சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம். சேப்பாக்கம் அரண்மனை ஆற்காட்டு நவாபுடையது. 1855-ல் நவாப் பட்டம் முடிந்தது. அரண்மனையும் தோட்டமும் சர்க்கார் கைக்கு வந்தன. அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியில்தான் 1865 வாக்கில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் குடிவந்தது. கிளப் வெள்ளைக்காரர்களுடையது, நிலம் அரசுடையது. அதாவது முதல் நாளிலிருந்தே பொது நிலம், தனிக் கதவு. இந்திய ஆட்டக்காரர்கள் அங்கே விளையாட வந்தால் பெவிலியனுக்குள் இடமில்லை, மரத்தடிதான். இதைப் பார்த்து மனம் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அந்தப் பட்டம் அவருடைய மட்டையால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. நமக்கென்று ஒரு மைதானம் வேண்டும் என்று நினைத்தாரே, அதற்கும் சேர்த்துத்தான்.

சேப்பாக்கத்தில் 1934-ல் முதல் டெஸ்ட். 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். ஆனால் இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1956 முதல் 1965 வரை சென்னையில் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாநகராட்சிக்குச் சொந்தமான கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. வினு மங்கட்டும் பங்கஜ் ராயும் 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்களே, அது நகராட்சிப் பணத்தில் பராமரித்த புல்லின் மேல்! ஐம்பத்திரண்டு வருஷம் நின்ற சாதனை அது. 1967-ல் டெஸ்ட் மறுபடி சேப்பாக்கத்துக்குப் போனது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் இப்போது நிற்பது 1993-ல் திறந்த ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்.

பம்பாய்க் கதை இன்னும் சுவையானது. அங்கே 1937-லிருந்து பிரபோர்ன் ஸ்டேடியம் இருக்கிறது. அது கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுடையது. பெரிய ஆட்டம் வந்தால் மாநிலச் சங்கத்துக்கு எத்தனை டிக்கெட் என்று கிளப்புக்கும் பம்பாய் கிரிக்கெட் சங்கத்துக்கும் ஓயாத தகராறு. சங்கத் தலைவர் எஸ்.கே. வான்கடே அப்போது சட்டசபை சபாநாயகரும் கூட. விளைவு, பிரபோர்னிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் அரசு நிலத்தில் இன்னொரு ஸ்டேடியம். 1975 ஜனவரியில் முதல் டெஸ்டும் நடந்துவிட்டது. ஒரு மைதானத்தின் நாற்காலிகளைப் பங்குபோட முடியாமல் இரண்டாவது மைதானம் கட்டிய ஊர் அது. நம்ம ஊரில் அண்ணன் தம்பி சண்டையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புவார்கள். இவர்கள் வீட்டையே இன்னொன்று கட்டிவிட்டார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கனடாவின் மான்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்டேடியத்தின் கடனை அடைத்து முடித்தது 2006-ல். முப்பது வருஷம்! சிகரெட் வரியிலிருந்து அந்தக் கடனைக் கட்டினார்கள். விளையாட்டரங்கக் கடனைப் புகை பிடிக்கிறவர்கள் அடைத்த விசித்திரம் அது. ஸ்டேடியம் வட்டமாக இருந்ததால் 'பிக் ஓ' என்று செல்லப்பெயர். பிறகு அதே உச்சரிப்பை 'பெரிய கடன்' என்ற பொருளில் கேலியாக எழுத ஆரம்பித்தார்கள்.

டெல்லிக்கு வருவோம். 1982 ஆசிய விளையாட்டுக்கென்று கட்டிய நேரு ஸ்டேடியத்தை 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்க ஆன செலவு 961 கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. அதே 2010 போட்டிக்காக எழுந்த இன்னொரு அரங்கம் தியாகராஜ் ஸ்டேடியம். 2022-ல் அதைப் பற்றி ஒரு செய்தி வந்தது. மாலை ஏழு மணிக்கே பயிற்சியை முடித்துக்கொண்டு வீரர்களை வெளியே போகச் சொல்கிறார்களாம். காரணம், அதன்பின் ஓர் உயர் அதிகாரி தன் நாயை அங்கே உலாத்த அழைத்து வருகிறார் என்பது. அவர் யாரையும் வெளியேறச் சொல்லவில்லை என்று மறுத்தார். இருந்தாலும் மாற்றல் உத்தரவு வந்தது. டெல்லி அரசு தன் மைதானங்களை இரவு பத்து மணி வரை திறந்து வைக்கச் சொன்னது. நூற்றுக்கணக்கான கோடிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் தணிக்கை அறிக்கை எழுதினார்கள். இரவு எட்டு மணிக்குக் கதவு திறந்திருக்குமா என்ற கேள்விக்கு ஒரு நாய் வந்துதான் பதில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, மறுபடி சேப்பாக்கம். 2011 உலகக் கோப்பைக்காக அங்கே ஐ, ஜே, கே என்று மூன்று புதிய கேலரிகளைக் கிரிக்கெட் சங்கம் கட்டியது. லண்டன் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பு, கூம்பு கூம்பாக வெள்ளைக் கூரை, கடற்காற்று உள்ளே வரும்படி இடைவெளி. பார்க்க அழகுதான், மறுக்க முடியாது. செலவு நூறு கோடிக்கு மேல். ஆனால் பக்கத்தில் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அதற்கும் கேலரிக்கும் நடுவே விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லை, திட்ட அனுமதி முறையாக இல்லை என்று பிரச்சினை கிளம்பியது. வழக்கு, மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம். 2012-லிருந்து அந்த மூன்று கேலரிகளுக்கும் பூட்டு. ஏதோ ஓரிரு ஆட்டங்களுக்கு அனுமதி கிடைத்ததோடு சரி. சுமார் 12,000 நாற்காலிகள் வருஷக்கணக்கில் வெயில் காய்ந்தன. டி.வி.யில் ஐ.பி.எல். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளியே டிக்கெட்டுக்கு விடிய விடிய வரிசை, உள்ளே மூன்று கேலரி காலி!

2019-ல் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது. இந்த மூன்று கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. இதற்கு நடுவே நிலத்தின் குத்தகையும் 2015-ல் முடிந்து, அரசுக்கும் சங்கத்துக்கும் வாடகைக் கணக்கில் இழுபறி. கடைசியில் உடற்பயிற்சிக் கூடம் அகன்றது, குத்தகை நீண்டது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டில்தான் பொதுமக்கள் அந்த நாற்காலிகளில் மறுபடி உட்கார்ந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேலரியைக் கட்டியது சங்கத்தின் பணம். அதனால் "மக்கள் பணம் வீண்" என்று யாரும் பெரிதாகக் கத்தவில்லை. ஆனால் நிலம் மக்களுடையது. மெரினா ஓரத்தில் ஒரு ஏக்கர் என்ன விலை என்று உங்கள் ரியல் எஸ்டேட் நண்பரைக் கேட்டுப் பாருங்கள். சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஆன செலவைத்தான் நாம் செலவு என்கிறோம். நிலத்தைக் குறைந்த வாடகைக்கு விட்டுவைத்திருப்பதும் செலவுதான். அது பட்ஜெட்டில் வராது என்பதால் கண்ணில் படுவதில்லை.

மதுரைப் பக்கம் நடந்தது வேறு மாதிரி. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்று அரசே ஓர் அரங்கம் கட்டியது. சுமார் 66 ஏக்கர். முதலில் 44 கோடி என்றார்கள். முடிவில் 62.78 கோடி ஆயிற்று. 2024 ஜனவரி 24-ல் திறப்பு விழா. சுமார் ஐயாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அலங்காநல்லூர்க்காரர்கள் தை மாதம் மாடு விடுவது இன்றும் ஊருக்குள் இருக்கிற பழைய வாடிவாசலில்தான். சாமி கும்பிட்டு, ஊர் கூடி, தெருவில் நடப்பதை அரங்கத்துக்குள் தூக்கிக்கொண்டு போக முடியுமா? புது அரங்கத்தில் வேறு போட்டிகளும் நடக்கின்றன, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இருந்தாலும், வருஷத்தில் எத்தனை நாள் பயன்படும் என்று கணக்குப் போட்டுவிட்டு அளவை முடிவு செய்தார்களா, அளவை முடிவு செய்துவிட்டு நாட்களைத் தேடுகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சமவெளிக் கதை. நமக்கு வேண்டியது மலைக் கதை. அதற்கு இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவுக்குப் போக வேண்டும். அந்த ஸ்டேடியம் கடல் மட்டத்துக்கு மேல் 1,457 மீட்டர். நம் ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம். பின்னால் பனிமலை நிற்கும் அந்த மைதானத்தின் படத்தைப் பார்த்து, நமக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று ஆசைப்படாதவர் இருக்க முடியாது. எனக்கும் அந்த ஆசை உண்டு.

ஆனால் படத்தில் தெரியாதது எவ்வளவோ. நிலம் அரசுடையது. பெயரளவு வாடகைக்குக் கிரிக்கெட் சங்கத்துக்குக் குத்தகை. 2012 கடைசியில் ஆட்சி மாறியது. சங்கம் தன்னைக் கம்பெனியாக மாற்றிக்கொண்டது, மைதானத்தை ஒட்டி ஹோட்டல் எழுந்தது, கல்லூரி ஆசிரியர்களுக்கான அரசுக் குடியிருப்புக் கட்டடம் இடிக்கப்பட்டது என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். (கல்லூரிக்காரர்களான நாம் இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.) 2013 அக்டோபரில் ஓர் இரவு அரசு குத்தகையை ரத்து செய்து ஸ்டேடியத்தையே கையகப்படுத்தியது. சில நாட்களில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, மைதானம் சங்கத்திடம் திரும்பியது. 2018 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்துவிட்டது. சட்டப்படி விஷயம் முடிந்தது. ஆனால் ஒரு பொது நிலத்தின் சாவி ஆட்சிக்கு ஆட்சி கை மாறும் பொருளாகிவிட்டதை அந்த மலை மக்கள் பார்த்தார்கள்.

அடுத்தது வானிலை. 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுடனான மூன்றாவது டெஸ்ட் தர்மசாலாவில் நடப்பதாக இருந்தது. குளிர்காலம் கடுமை, வெளிமைதானத்தில் புல் போதிய அளவு வளரவில்லை என்று இந்தூருக்கு மாற்றினார்கள். வாரியத்தின் பணமும், ஆளும், இயந்திரமும் கையில் இருந்தும் மலையில் புல் வளர்ப்பது அவ்வளவு சிரமம்.

இப்போது ஏற்காட்டுக்கு ஏறலாம். நம் மலையில் காபி கிடைக்கும், மிளகு கிடைக்கும், ஆரஞ்சு கிடைக்கும், பாக்சைட்டுக்கூட கிடைக்கும். கிடைக்காதது சமதளம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, தட்டையாக இருந்த இடமெல்லாம் பங்களாவாகவும் எஸ்டேட்டாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆகிவிட்டது. 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கு நல்ல மைதானங்கள் உண்டு. அது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மலையின் உட்கிராமங்களில் உள்ள மலையாளிப் பழங்குடிப் பையன்களும் பெண்களும் எங்கே ஓடுவார்கள்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சிவில் இன்ஜினியர் நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவு நம் மலையில் சாதாரணம், சாதுவான சரிவு என்றே சொல்வோம். அந்தச் சரிவில் மைதானத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 6.8 மீட்டர் வித்தியாசம் வரும், இரண்டு மாடி உயரம். பாதியை வெட்டி மறு பாதியில் கொட்டிச் சமன் செய்தால் வெட்ட வேண்டிய மண் சுமார் 6,000 கன மீட்டர். மூன்று யூனிட் லாரிக் கணக்கில் 700 லோடு. கொட்டிய பக்கம் சரியாமல் நிற்கத் தடுப்புச் சுவர் வேண்டும். சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் போக வழி வேண்டும். வருஷத்துக்கு சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் இது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். ரோட்டையே தள்ளிவிட்ட மண், நாம் கொட்டி வைத்த மண்ணை விட்டுவைக்குமா?

அடிவாரத்தில் இந்தச் செலவு எதுவும் கிடையாது. அங்கே ஜே.சி.பி. இரண்டு நாள் ஓடினால் தரை தயார். மிச்சப் பணத்தில் கேலரி, விளக்கு, உடை மாற்றும் அறை எல்லாம் வந்துவிடும். மலை மேலே அதே 3 கோடியில் பெரும்பங்கு தரைக்கும் தடுப்புச் சுவருக்குமே போய்விடும். மேலும் 1990-லிருந்து மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு இருக்கிறது, மண் வெட்டவும் கட்டவும் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பவன்தான் நான். ஆனால் அதன் விளைவு என்ன? எல்லாத் தொகுதிக்கும் ஒரே தொகை என்பது காகிதத்தில் சமமாகத் தெரியும். மலையில் அதே தொகை பாதிக்கும் குறைவான அரங்கத்தைத்தான் வாங்கும். அதிகாரி எவராக இருந்தாலும், 3 கோடிக்கு எங்கே அதிகம் காட்ட முடியுமோ அங்கேதான் கை போகும். கீழேதான் ஜனமும் அதிகம், ஓட்டும் அதிகம். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படித்தான் இழுக்கும்.

கீழே ஏற்கெனவே ஒன்றும் இல்லாமலும் இல்லை. வாழப்பாடி அருகே 2020 பிப்ரவரியில் ஒரு நல்ல கிரிக்கெட் மைதானம் திறந்தார்கள். அப்போதைய முதலமைச்சர் வந்தார், ராகுல் டிராவிட் வந்தார். 2022, 2023-ல் டி.என்.பி.எல். ஆட்டங்களும் நடந்தன. சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் ஊருக்கே அமைத்த மைதானம் 2023-ல் திறக்கப்பட்டது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோவில் தங்கம், அதன்பின் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டிக் காட்டிவிட்டார். சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. இவர்களையும் மூன்று பதக்கத்தையும் எண்ணுகிறபோது ஒன்றை மட்டும் கவனித்தேன். இந்தப் பெயர்கள், ஊர்கள் எல்லாமே வளைவுகளுக்குக் கீழே.

என் யோசனை இது, ஒத்துக்கொள்ளாதவர்கள் ரீயூனியன் அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் சண்டை போடலாம். மலைக்கு கேலரி வேண்டாம். யார் உட்காரப் போகிறார்கள்? மே மாதக் கோடை விழாவின் சில நாட்களுக்காக ஆயிரம் பேர் உட்காரும் படிக்கட்டு கட்டி, மிச்ச நாள் ஆடு மேய விட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓரளவு தட்டையாக இருக்கிற அரசுப் பள்ளி மைதானங்கள் மலையில் உண்டு. அவற்றில் நான்கைந்தை எடுத்து, வடிகால், கம்பி வேலி, ஒரு கழிப்பறை, பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை, இரண்டு விளக்கு. புது மண் வெட்ட வேண்டியதில்லை, வனத்துறை அனுமதி என்று இழுபடவும் வேண்டியதில்லை. பஸ் இல்லாத கிராமத்துப் பெண் மாலை ஐந்து மணிக்கு நடந்தே போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் மைதானம் இருக்க வேண்டும், எட்டு கிலோமீட்டர் தள்ளி எவ்வளவு பெரிய அரங்கம் இருந்தாலும் அவளுக்கு அது இல்லாததுதான்.

இன்னொன்று, ஆள் சம்பளம். எந்த அறிவிப்பிலும் கட்டுமானச் செலவு தடித்த எழுத்தில் வரும். புல் வெட்டுகிறவர், பூட்டுத் திறக்கிறவர், குழாய் உடைந்தால் பார்க்கிறவர் இவர்களுடைய மாதச் சம்பளம் எந்தக் கணக்கில், எத்தனை வருஷத்துக்கு என்பது வராது. சேப்பாக்கத்தில் பணம் இருந்தும் ஒன்பது வருஷம் பூட்டு. இங்கே பணமும் இல்லாவிட்டால்?

ஆகவே, இப்போது படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமை இந்த வருஷம் மலைக்குக் கொண்டு போங்கள். கிராமம் கிராமமாக, எந்தப் பள்ளியில் எவ்வளவு தட்டை நிலம், மழைக்குப் பின் எத்தனை நாள் தண்ணீர் தேங்குகிறது, மாலையில் யார் விளையாடுகிறார்கள், கதவுச் சாவி யாரிடம் என்று எழுதி எடுத்து வாருங்கள். டேப், சங்கிலி, ஒரு நோட்டு, இவ்வளவுதான் வேண்டும். ரிப்போர்ட்டை மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுப்போம். டைப் அடிக்கிற செலவும் ஜீப் வாடகையும் பழைய மாணவர் சங்கத்துடையதாக இருக்கட்டும் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.